நீக்கியதற்கான காரணம்

வெள்ளகோவில்
9 ஜூன் 2025

கல்லூரி நூலகத்தில் பொறுப்பில் இருப்பவர் யாரோ அவர்களுக்கு,

மாசாணியம்மாள் எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. என் மகள் வயிற்றுப் பேரன் பிரவின்குமாரைத் தெரியும். உங்கள் கல்லூரியில் பிஎச்.டி. படித்தவன். மாசி மாதம் அவிநாசி ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

அவன் எழுதிய புத்தகம் உங்கள் நூலகத்துக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தை மாதம் போனில் கூப்பிட்டு, "அமுச்சி, என்ற புத்தகம் லைப்ரரில ஏறிருச்சு. இனி உலகத்துல எவன் வேணும்னாலும் படிக்கலாம்" என்று சொன்னான். கட்டம் கட்டமாக ஒரு படமும் அனுப்பினான். போனை அதன் மேல் பிடித்தால் புத்தகம் திறக்கும். அந்தப் படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, நான் வேலை பார்க்கும் முருங்கைக்காய் மண்டியில் தராசுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். மண்டிக்காரர் பாலுசாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மாட்டியிருப்பேன்.

காய் கொண்டுவருகிறவர்கள், லோடு ஏற்ற வருகிறவர்கள் எல்லோரையும் போனைக் காட்டச் சொல்வேன். "உப்பேறிய கிணறுகளும் முருங்கை வேரும்" என்று தலைப்பு வரும். கீழே அவன் பெயர் வரும். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் காயை நிறுப்பேன்.

சென்ற வாரத்திலிருந்து திறக்கவில்லை. கரூர் லாரிக்காரர் ஒருவர், "ஆத்தா, உங்க பேரன் கடைய மூடிப்போட்டுப் போயிட்டானாட்டிருக்குது" என்று சிரித்தார். அவருக்குச் செய்தி தெரியாது.

யார் மூடியது? எப்போது திறப்பீர்கள்? போனில் சொல்ல வேண்டாம். போனில் ஆகட்டும் என்பார்கள், வைத்ததும் மறந்துவிடுவார்கள். தாளில் எழுதுங்கள்.

மாசாணியம்மாள்

*

பீளமேடு, கோயம்புத்தூர்
16 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் பேரனின் மறைவுக்கு நூலகத்தின் சார்பில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன். சர்வர் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த பக்கம் இப்போது திறக்கிறது.

எனினும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. ஆய்வேடுகளைக் கணினியில் சேமித்து, எல்லோரும் படிக்கத் திறந்து வைப்பதற்காக எங்கள் கல்லூரி ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க இருக்கிறது. மூன்று மென்பொருள்களைச் சோதனைக்கு நிறுவியிருக்கிறோம். அவற்றை ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு அறிக்கை தரும் பொறுப்பு என்னுடையது. திரு. பிரவின்குமார் மாலை நேரங்களில் எனக்கு உதவியாளராக இருந்தார். தாங்கள் பார்ப்பது அந்தச் சோதனைத் தளங்களில் ஒன்று. அவரது ஆய்வேடு அதில் மாதிரிப் பதிவாக ஏற்றப்பட்டது.

வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்தோடு சமர்ப்பிக்கப்பட்டு, பட்டமும் வழங்கப்பட்ட ஆய்வேடுகளை மட்டுமே நூலகம் ஏற்கும். அவருடைய ஆய்வேடு அந்நிலையை எட்டவில்லை. மென்பொருள் குறித்துக் குழு முடிவெடுத்ததும் மாதிரிப் பதிவுகள் அனைத்தும் நீக்கப்படும்.

வருந்துகிறேன்.

சா. கிருபா
ஒப்பந்த உதவி நூலகர்

*

வெள்ளகோவில்
21 ஜூன் 2025

உதவி நூலகர் கிருபா அவர்களுக்கு,

மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஜவுளிக்கடையில் துணியைத் துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருப்பார்களே, அதுவா?

அவன் அம்மா பொற்கொடி திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனதால் என்னிடம் வளர்ந்தவன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சாயத்தண்ணீர் ஊறாத கிணறு எது, ஊறின கிணறு எது என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தவன். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சுமந்து பஸ்ஸில் ஏறுவான். "சாராயமாடா தம்பி?" என்று கண்டக்டர் கேட்பார். அப்படிச் சேர்த்தது மாதிரியா?

கையெழுத்துக் கதை எனக்குத் தெரியும். முதலில் வழிகாட்டியின் கட்டுரைக்குக் கணக்குப் போட்டுக் கொடு என்றார்கள். பிறகு அவருக்கு வேண்டிய பையனின் கட்டுரையை எழுதிக் கொடு என்றார்கள். அதற்குள் உதவித்தொகை நின்றது. நூலகம் விட்டதும் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போனான். அந்த வண்டியில்தான் போனான்.

காரியம் முடிந்ததும் நான் அந்த வழிகாட்டி மனோஜ்குமார் வீட்டுக்குப் போனேன். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "ஏனுங்கம்மா, இந்த வெய்யில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல மோர் குடியுங்க" என்றார். மோர் எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது. அவருடைய டிரைவருக்கு டம்ளரில் வந்தது.

"தங்கமான பையனுங்க. ஆனா வேல முடியலீங்களே. முடியாத வேலைக்கு நான் எப்பிடிங்க கையெழுத்துப் போடறது?" என்றார்.

பைக்குள்ளிருந்து அச்சடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "எது முடியலீங்க? காட்டுங்க" என்றேன். அவர் அட்டையைக்கூடத் தூக்கவில்லை. "பாத்துப் போங்கம்மா, ரோட்டுல வண்டி ஜாஸ்தி" என்றார்.

அந்தப் புத்தகம் என் பெட்டியில்தான் இருக்கிறது. என் பெட்டியில் இருந்தால் அது என் சாமான். உங்களிடம் இருந்தால்தான் அது புத்தகம்.

என் பேரன் என்னிடம் பொய் சொல்லமாட்டான். ஏறிவிட்டது என்றான். அப்படியானால் ஏறியது. இறக்கப் போகிறவர் நீங்கள்.

மாசாணியம்மாள்

*

பீளமேடு
1 ஜூலை 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் படித்தேன். பதிலை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது கல்லூரித் தாள் அல்ல, என் மகளின் நோட்டிலிருந்து கிழித்தது.

பிரவின் பொய் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மென்பொருளிலும் தமிழ்ப் பக்கங்கள் உள்ள ஓர் ஆய்வேட்டை ஏற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. எழுத்து உடைகிறதா, படம் ஓடிப்போகிறதா, தேடினால் கிடைக்கிறதா என்றெல்லாம் சோதிக்க வேண்டும். யாருடையதைக் கேட்டாலும் வழிகாட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். "என்றதையே போடறேன் மேடம். இதுக்கு எவங்கிட்டயும் கேக்கத் தேவையில்ல" என்றான் பிரவின். ஏற்றியதும் தேடும் கட்டத்தில் உங்கள் பெயரைத் தட்டினான். நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் உங்களுடையது, தெரியுமல்லவா?

முதலாவது மென்பொருளில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் 'மா' என்று தொடங்குகிற எல்லாம் வந்து கொட்டியது, மாட்டுத்தீவனம் வரைக்கும். இரண்டாவதில் அந்தப் பக்கம் மட்டும், அந்த வரி மட்டும், மஞ்சள் அடித்துக்கொண்டு வந்து நின்றது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "மேடம், எங்க அமுச்சியக் கண்டுபுடிச்சிருச்சு! இதுக்கே பாஸ் போட்ருங்க" என்றான். உடனே வராந்தாவுக்குப் போய் உங்களைக் கூப்பிட்டான். ஏறிருச்சு என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. சோதனை என்று சொல்லுடா என்று நான் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டிலும் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக் கூலி. கையெழுத்துக்கு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால் ஒரு வழி யோசித்தேன்.

எந்த மென்பொருள் வந்தாலும் 'பிற ஆவணங்கள்' என்று ஒரு பிரிவு இருக்கும். விழா மலர், பழைய குரூப் போட்டோ, பிரிவுபசாரப் பேச்சு எல்லாம் அதில் போகும். அங்கே வழிகாட்டி கையெழுத்து கேட்காது. முன்னாள் மாணவர் கட்டுரை என்று போட்டு ஏற்றிவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

செய்துவிடட்டுமா?

கிருபா

*

வெள்ளகோவில்
7 ஜூலை 2025

கிருபா கண்ணுக்கு,

அமுச்சியக் கண்டுபுடிச்சிருச்சு என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. பொற்கொடிக்குப் போனில் படித்துக் காட்டினேன். மகன் போனதிலிருந்து அவள் பேச்சையே விட்டுவிட்டாள். அன்றைக்கு "மறுபடி படி" என்றாள்.

ஆனால் கொல்லைப்புற வழி வேண்டாம்.

அவன் அங்கே சேர்ந்த புதிதில், கோட்டாவில் வந்தவன் என்று காதுபடப் பேசினார்களாம். அவன் மார்க் அவர்களுடையதைவிடக் கூட. "சொல்லலாமல்லடா?" என்று கேட்டேன். "புத்தகம் சொல்லும் அமுச்சி" என்றான். அந்தப் புத்தகத்தை விழா மலருக்கும் குரூப் போட்டோவுக்கும் நடுவில் செருகி வைத்தால், பேசினவர்கள் பேச்சு மெய்யாகிவிடும். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். யாரும் கவனிக்காமல் இருப்பதற்கு அவன் எழுதவில்லை.

முன்வாசல் திறக்காது என்றால் எடுத்துவிடு. திருட்டுத்தனமாக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல். எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்கும்? என் கண்ணாடிச் சட்டத்துக்குப் போனைக் காட்டினால் என்ன வரும்?

பாலுசாமி வண்டி கோயம்புத்தூர் வருகிறது. கொஞ்சம் காய் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, உப்புக்கிணற்றுக் காய் இல்லை.

மாசாணியம்மாள்

*

பீளமேடு
18 ஜூலை 2025

அமுச்சிக்கு,

அப்படிக் கூப்பிடுவதில் வருத்தமில்லையே? காய் வந்தது. என் மகளுக்குப் பிடித்திருந்தது.

குழு முடிவெடுத்துவிட்டது. இரண்டாவது மென்பொருள். உங்கள் பெயரைக் கண்டுபிடித்ததுதான். சோதனைத் தளத்தையே நிஜத் தளமாக மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் மாதிரிப் பதிவுகளை ஒவ்வொன்றாக நான் நீக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மற்ற இரண்டு மென்பொருளிலும் நீக்கினால் எதுவும் மிஞ்சாது. இதில் அப்படி இல்லை. புத்தகம் போய்விடும். ஆனால் அதே முகவரியில் ஒரு பக்கம் நிற்கும். தலைப்பு, எழுதியவர் பெயர், நீக்கிய தேதி, நீக்கியதற்கான காரணம். என்றைக்கோ ஒருவர் அந்தப் புத்தகத்தைத் தேடி வந்தால், இங்கே ஒன்று இருந்தது, இன்ன காரணத்தால் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. எங்கள் தொழிலில் இதற்குக் கல்லறைக்கல் என்று பெயர். நான் வைத்த பெயர் அல்ல.

காரணத்தை எழுதாமல் இந்த மென்பொருள் நீக்கவிடாது. எழுதிவிட்டால் திருத்தவும் விடாது. அறிக்கையில் இதை ஒரு சிறப்பாக எழுதி முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

மற்ற மாதிரிகளுக்கெல்லாம் 'சோதனைப் பதிவு' என்று எழுதி நீக்கிவிட்டேன். இதற்கு மட்டும் கை வரவில்லை. என்ன எழுதட்டும்?

கிருபா

*

வெள்ளகோவில்
22 ஜூலை 2025

கண்ணு,

கீழே இருப்பதை அப்படியே எழுது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வழிகாட்டி கையெழுத்துப் போடவில்லை. எழுதியவர் இறந்துவிட்டார்.

மனோஜ்குமார் பெயரையும் சேர்க்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பெயரைப் போட்டால் அவருக்கும் சேர்த்துக் கல் வைத்தது போல ஆகிவிடும். இது என் பேரனுடைய கல்.

எங்கள் சனம் புதைக்கிற இடத்தில் போன மழைக்கு மண் இறங்கி, எந்த மேடு யாருடையது என்று தெரியாமல் போய்விட்டது. அவன் மேட்டுக்கு நான் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறேன். உன்னுடையது இறங்காது என்கிறாய். நல்லது.

மாசாணியம்மாள்

*

பீளமேடு
16 ஆகஸ்ட் 2025

அமுச்சிக்கு,

எழுதினேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முதலில் யாரும் பார்க்கவில்லை. பிறகு ஓர் ஆராய்ச்சி மாணவி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். எனக்கும் இதே கதைதான், எனக்கும் இதே கதைதான் என்று கீழே ஒருவர்பின் ஒருவராக எழுதத் தொடங்கிவிட்டார்கள். கையெழுத்துக்கு நிற்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

முதல்வர் கூப்பிட்டார். "ஏம்மா கிருபா, லைப்ரரிங்கறது புத்தகம் வெக்கற எடமா, புகார்ப் பெட்டியா?" என்று கேட்டார். எழுதியதில் எது பொய் என்று கேட்டேன். மனோஜ்குமார் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கிருபா நல்ல புள்ளைங்க சார். யாரோ சொல்லி எழுதியிருக்குது, பாவம். பெருசு பண்ணாதீங்க" என்று எனக்காகப் பேசினார்.

அந்த வரியை எடுக்க வேண்டும் என்றால் மென்பொருளையே எடுக்க வேண்டும். அதைத்தான் செய்யப் போகிறார்கள். குழு மறுபடி கூடியது. 'நீக்கினாலும் அடையாளம் நிற்கும்' என்று நான் சிறப்பில் எழுதியதைக் குறையில் எழுதச் சொல்கிறார்கள். சுத்தமாக நீக்கும் என்று மூன்றாவதற்கு அந்த மதிப்பெண்ணைப் போட வேண்டும். உங்கள் பெயரைக் கேட்டால் மாட்டுத்தீவனத்தைக் காட்டியதே, அதற்கு.

திருத்திய அறிக்கை தட்டச்சு ஆகித் தயாராக இருக்கிறது. மதிப்பீடு செய்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை கெடு. என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள். மகள் இந்த வருடம் பத்தாவது. வீட்டில் சம்பளம் என் ஒருத்தியுடையது.

என்ன செய்யட்டும் அமுச்சி? உங்களிடம் கேட்பது நியாயமில்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

கிருபா

*

வெள்ளகோவில்
21 ஆகஸ்ட் 2025

கிருபா,

போடாதே.

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. காய் பிரிப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுதுகிறேன்.

கரூர் லாரிக்காரர் போன வாரம் வந்தார். கடையை மூடிவிட்டான் என்று சிரித்தாரே, அவர். மறுபடி போனைக் காட்டினார். அந்த இரண்டு வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். தலைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஆத்தா, அன்னைக்கு நான் தெரியாமப் பேசிப்போட்டனுங்க" என்றார். "செரி, காயை ஏத்துங்க" என்றேன். அப்புறம் தராசு முள் எனக்குத் தெரியவில்லை.

அந்த இரண்டு வரியைத்தான் உன்னை அழிக்கச் சொல்கிறார்கள். ஒருத்தர் கையெழுத்துப் போடாமல் என் பேரனைக் கொன்றார். நீ போட்டுக் கொல்லப் போகிறாய். ஒரே பையனுக்கு இரண்டு சாவு எதற்கு?

மகள் பத்தாவது என்கிறாய். என் பேரனும் பத்தாவது படித்தவன்தான். சம்பளம் போனால் இங்கே வா. காய் பிரிக்கிற வேலை இருக்கிறது. கை அரிக்கும், சோறு வரும். அவளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம். எங்கள் அப்பா அம்மாவும் தோட்டத்துக் கூலி என்று எழுதினாயே, அதை எதற்கு எழுதினாய்? நானும் உங்களவள் என்று சொல்லத்தானே? அதை இப்போது காட்டு.

போட்டுவிட்டு வந்து என்னை அமுச்சி என்று கூப்பிடாதே.

மாசாணியம்மாள்

*

பீளமேடு
21 ஆகஸ்ட் 2025

அமுச்சிக்கு,

வெள்ளிக்கிழமை என்றவர்கள் நேற்றே கூப்பிட்டுவிட்டார்கள். போட்டுவிட்டேன்.

முழுப் பெயரும் அழகாக வந்தது. மனோஜ்குமார் சார்தான் பேனா கொடுத்தார். "டீ சாப்படறியாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டேன். பேப்பர் கப்பில்தான்.

சனிக்கிழமை இரண்டாவது மென்பொருள் இருக்கும் சர்வரை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் சட்டத்துக்குப் போனைக் காட்டினால் வெள்ளையாக வரும். காரணமும் வராது, பெயரும் வராது. மூன்றாவதில் அவன் ஆய்வேட்டை ஏற்கெனவே நீக்கியாயிற்று. அதில் அவன் இருந்ததாகவே இல்லை.

ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.

அவன் கோப்புகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?

உங்கள் பதில் வருவதற்குள் கேட்டுவிட்டார்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. உங்கள் பதில் வந்திருந்தாலும் போட்டிருப்பேன். நீங்கள் என்ன எழுதியிருந்தாலும்.

கிருபா

*

வெள்ளகோவில்
27 ஆகஸ்ட் 2025

கிருபாவுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் காங்கேயம் பக்கம் எங்கேயோ எதிரெதிரே கடந்து போயிருக்கும்.

என்னுடையது வந்திருந்தால் பிரிக்காதே. பிரித்திருந்தால் அடுப்பில் போட்டுவிடு. அது கையெழுத்துப் போடாத ஒரு பெண்ணுக்கு எழுதியது. உனக்கு எழுதியது இல்லை.

பென் டிரைவ் வேண்டாம். அச்சடித்தது என் பெட்டியில் இருக்கிறது. நான் கேட்டது புத்தகத்தை இல்லை, அது இருக்க ஓர் இடத்தை.

வந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அதையாவது நேராக எழுதினாய். மகளைப் பத்தாவது முடிக்க வை. மேலே படிக்க அனுப்பும்போது, படிப்பு என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று விசாரி.

வெள்ளையாகத்தான் வருகிறது. பொற்கொடி திருப்பூரிலிருந்து வந்திருந்தாள், அவளும் பார்த்தாள். மறுபடி பேச்சை விட்டுவிட்டாள். சட்டத்தைக் கழற்றிவிடலாமா என்று பாலுசாமி கேட்டார். தொடக் கூடாது என்றேன்.

இன்றைக்குக் காலையில் தாராபுரம் பக்கத்துக்காரர் ஒருவர் காய் கொண்டுவந்தார். மண்டிக்குப் புது ஆள். தராசுக்கு மேலே பார்த்து, இது என்னங்க என்று கேட்டார். போனைக் காட்டச் சொன்னேன். காட்டினார். துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். சட்டத்துக்குக் கிட்டே போய், தள்ளி நின்று, எல்லாம் செய்து பார்த்தார்.

"ஒண்ணுமே வரலீங்களே ஆத்தா?"

"அதத்தானுங்க காட்டறேன்" என்றேன்.

மாசாணியம்மாள்